ஐந்தாம் நம்பர் அட்டை

பத்தில் ஒன்பதாவது தோட்டா நல்லபடியாகத்தான் போனது. இந்தத் துப்பாக்கிக் கிளப்புக்கு நான் வர ஆரம்பித்ததிலிருந்து ஒரு தடவைகூட இப்படிப் போனதில்லை, விரல் இழுத்தது விரலுக்கே தெரியவில்லை, சாவியைப் பாதி திருப்பும்போதே பிடித்துக்கொள்கிற எஞ்சின் மாதிரி, சத்தம் வந்த பிறகுதான் சுட்டுவிட்டோம் என்று தெரிந்தது. காசிமாயா உனக்கும் வந்துருச்சுடா என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. போல்ட்டைப் பின்னால் இழுத்து வெறும் தோட்டாவைத் தட்டிவிட்டு, பாய்க்குப் பக்கத்தில் நிற்கிற தூரக்கண்ணாடியில் கண்ணை வைத்து என் அட்டையைப் பார்க்கிறேன், எட்டு ஓட்டைதான் இருக்கிறது. எட்டும் பழைய ஓட்டை, மூலைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கிற, எனக்கு நன்றாகத் தெரிந்த ஓட்டைகள். ஒன்பதாவது எங்கே. கண்ணாடியில் வியர்வை படிந்திருக்கும் என்று துடைத்துவிட்டுப் பார்த்தேன், எட்டுதான். அப்புறம் எதற்கென்று தெரியாமல் தூரக்கண்ணாடியை ஒரு நூல் வலப்பக்கம் தள்ளினேன். ஐந்தாம் நம்பர் அட்டையில், கறுப்பு வட்டத்துக்கு நட்டநடுவில், பின்னால் இருக்கிற வெளிச்சம் தெரிகிற மாதிரி புதுசாக ஒன்று. என்னுடையது. நட்டநடுவுக்குத்தான் பத்து மார்க், என் ஆயுசில் நான் சுட்ட ஒரே பத்து, பக்கத்து ஆள் அட்டையில். பக்கத்து ஆள் யாரோ எவரோ என்றால் சிரித்துவிட்டுப் போகலாம், என் மகளை மருமகளாகக் கொண்டுபோன சம்மந்தி தவசிதான் ஐந்தாம் பாயில் படுத்திருக்கிறார். காலையிலேயே சேவியர் சார் சொன்னார், பட்டாளத்தில் இருந்து வந்தவர், இங்கே அவர் விசில்தான் சட்டம். "அடுத்தவர் அட்டையில சுட்டுட்டா வெக்கப்படாம ஒடனே கையத் தூக்கிருங்க, நான் கழிச்சு எழுதிக்கிறேன். விசிலுக்கு அப்புறம் வந்து காதுல ஓதக் கூடாது. போன மாசம் பல் டாக்டர் ஒருத்தரு மூணு பேர் அட்டையில கையெழுத்துப் போட்டுட்டு கம்முனு டீ குடிக்கப் போயிட்டாரு." எல்லோரும் சிரித்தோம், நானும்தான் சிரித்தேன். இப்போது கையைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. வலது கை சும்மாதான் இருக்கிறது. தூக்கினால் தூக்கிவிடும்.

தூக்கவில்லை, கழுத்து வலிக்கிறது. இந்தக் குவாரிப் பள்ளத்தில் காற்றே இறங்காது, போடி மலை அங்கே நீலமாகக் குளிர்ந்துகொண்டு நிற்கிறது, இங்கே கல்லும் மண்ணும் அனலை வாங்கி எங்கள் வயிற்றில் ஏற்றுகிறது. முழங்கைக்குக் கீழே ஒரு எறும்பு ஊர்கிறது, ஊரட்டும். எனக்கு எதற்கு இந்தக் கூத்து. என் வீட்டுக்காரி ராக்கம்மா கேட்டாள், முப்பத்தெட்டு வருஷமாக என்னிடம் நேராகக் கேட்கிற ஒரே ஆள், "வீட்டுக்குள்ள எலி ஓடுது, அதப் புடிக்க ஒரு ஆளக் காணோம். வயித்துல படுத்து அட்டையச் சுடப் போறாராம்." ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்தே வாழ்க்கை போனவன், கடைசியில் குப்புறவும் படுத்துப் பார்த்துவிடுவோம் என்று அவளிடம் சொன்னேன். சம்மந்தி கூப்பிட்டதுதான் நிஜம். அவரிடம் ஏலக்காய்த் தோட்டத்துக் காலத்திலேயே லைசென்சோடு வாங்கின துப்பாக்கி இருக்கிறது, எனக்குக் கிளப் துப்பாக்கி, ஆளுக்கொரு தடவை கைமாறுகிற துப்பாக்கி, அதற்கு யார் தோளும் சொந்தமில்லை. "படுத்துக்கிட்டே வெளையாடுற வெளையாட்டு ஒலகத்துல இது ஒண்ணுதான் சம்மந்தி, நமக்குன்னே கண்டுபுடிச்சிருக்கான்" என்றார். மாட்டேன் என்று சொல்ல முடியுமா. பெண் பார்க்க வந்த அன்றைக்குப் பட்டறைக்கே வந்தவர், கவிழ்த்துப் போட்ட ஆயில் டின்னில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்தவர், எழுந்தபோது வேட்டியில் வட்டமாகக் கறை, நான் பதறினேன், அவர் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு "முத்திரை குத்தியாச்சு, இனி மாத்த முடியாது" என்றார். அந்த மனுஷனின் கை ஆடுவதை முதலில் கேட்டவன் நான்தான். பார்த்தவன் என்று சொல்லவில்லை, கேட்டவன். பேத்தி காதுகுத்துக்குப் பந்தியில் பக்கத்து இலை. தண்ணீர் டம்ளரை எடுத்தார், மோதிரம் பித்தளையில் பட்டு கிணிகிணி கிணிகிணி என்று ஒரு சத்தம். டாப்பெட் லூசான எஞ்சினில் அந்தச் சத்தம் வரும், ஓட்டுகிறவனுக்கு ரொம்ப நாள் கேட்காது, மெக்கானிக்குக் கேட்கும். நான் இலையைப் பார்த்துக்கொண்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். நான் கேட்டதை அவர் பார்த்துவிட்டார். அதற்கப்புறம் அவர் மகன் ஜீப் சாவியை வாங்கி மாட்டிக்கொண்டான், தோட்டத்துப் பொறுப்பு கைமாறியது, வீட்டில் டீயை அரை டம்ளர்தான் ஊற்றுகிறார்கள், சிந்தாமல் இருக்க. நான் போயிருந்த அன்றைக்கும் அரை டம்ளர்தான் வந்தது அவருக்கு, எனக்கு முழு டம்ளர். "முழுசா ஊத்தும்மா, நான் என்ன பால்வாடிப் புள்ளையா" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என் மகள் நாகஜோதியும் சிரித்துக்கொண்டுதான் போனாள். மறுபடி அரை டம்ளர்தான் வந்தது. இங்கே வந்து குப்புறப் படுத்து, துப்பாக்கியின் தோல்வாரை மேல்கையில் மாட்டி இறுக்கிவிட்டால் ஆட்டம் பாதிக்கு மேல் நின்றுவிடுகிறது. "இங்கனதான் சம்மந்தி இந்தக் கை என் பேச்சக் கேக்குது" என்று போன மாதம் சொன்னார், சொல்லிவிட்டு வாரின் பக்கிளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது நான் கையைத் தூக்கினால் என்ன ஆகும். சேவியர் சார் வருவார், தூரக்கண்ணாடியில் பார்ப்பார், ஐந்தாம் நம்பரில் உங்களது எது என்பார், நடுவில் இருக்கிறது சார் என்பேன், கழித்துக்கொள்வார். கழித்ததும் அந்த அட்டையில் ஒரு ஓட்டை குறையும். ஏன் குறைகிறது என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் முன்னால் சம்மந்தி சுட்ட ஒன்று அட்டைக்கே போகவில்லை. அட்டையில் பட்டால் பலகையோடு சேர்த்து டப்பென்று காய்ந்த சத்தம் வரும், மண்மேட்டில் புதைந்தால் தலையணையில் குத்தின மாதிரி ஊமையாக வரும், பஞ்சு வைத்த காதுக்குக்கூட அது வேறே. ஐந்தாம் நம்பருக்கு மேலே மேட்டில் கொஞ்சம் புழுதி எழுந்து அடங்கியது. அவர் தலை அசையவில்லை. தூரக்கண்ணாடிப் பக்கமும் போகவில்லை. கேட்டிருக்காது என்றுதான் நினைத்தேன், அவருக்கும் வயசாகிறது. அந்த ஊமைச் சத்தத்துக்குப் பதிலாக இப்போது என்னுடைய பத்து போய் உட்கார்ந்திருக்கிறது. கணக்குச் சரியாகிவிட்டது. என் அட்டையில் ஒன்று குறைந்தால் யாரும் கேட்க மாட்டார்கள், மண்ணுக்குப் போயிருக்கும் என்பார்கள், எனக்கு அது வழக்கம். அவர் அட்டையை என் மனசு கூட்டிப் பார்க்கிறது, வேண்டாம் என்றால் கேட்கிறதா, கூட்டுகிறது. என்னுடையதைக் கழித்தால், மிச்சமிருக்கிற அவருடைய கடைசித் தோட்டா பத்திலேயே விழுந்தாலும் நூற்றுக்கு எழுபது வராது. என்னுடையது இருந்தால் வரும். எழுபது வந்தால் துப்பாக்கி வீட்டில் இருக்கும். வராவிட்டால் போய்விடும். அப்படித்தான் பேச்சு.

அந்தப் பேச்சை எடுத்ததே என் மகள்தான். அன்றைக்கு அடுப்படியில் மிக்சியை ஓடவிட்டுக்கொண்டு என்னிடம் பேசினாள், முன் அறைக்குச் சத்தம் போகாமல் இருக்க. ஒன்றும் அரைபடவில்லை, வெறும் ஜார் சுற்றியது, எனக்குக் கேட்காதா. "ஏப்பா, மாமா துப்பாக்கியப் பீரோ சந்துல சாத்தி வச்சிருந்தாக. வீடு தொடைக்கணும்னு எடுத்து நகத்துனேன். ஒங்க மருமகன் வந்து பாத்துட்டு எதுக்கும்னு போல்ட்ட இழுத்தாரு, உள்ள இருந்து ஒண்ணு விழுந்துச்சுப்பா. முழுத் தோட்டா. உருண்டு போயி பாப்பா காலுக்கிட்ட நின்னுச்சு, அவ அத எடுத்து வாயில வைக்கப் போறா." மிக்சியை நிறுத்திவிட்டு மறுபடி போட்டாள். "தொடைச்சுட்டு வைக்கிறப்ப மறந்துட்டேன்னு மாமா சொல்றாக. மறந்தா எப்படிப்பா. அதுல இருந்து நான் தூங்கல. நீங்கதான் சொல்லணும், நீங்க சொன்னாத்தான் கேப்பாக." நான் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று போனேன், அவர் வாசலில் உட்கார்ந்து அந்தத் துப்பாக்கியின் கட்டைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார், துணி போகிற இடமெல்லாம் கை ஆடாமல் போனது, நான் மழை வருமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். கடைசியில் அவளே சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் இருக்கும்போது சொல்லிவிட்டாள், குரல் உடையாமல் சொன்னாள், என் மகள்தான். சம்மந்தி கோபப்படவில்லை. சோற்றில் இருந்து கையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார், தட்டு லேசாக முனகியது. "நீ சொல்றதும் சரிதாம்மா, நான் சொல்றதும் சரியாத்தான் இருக்கும். துப்பாக்கியே சொல்லட்டும். இந்த மாசப் போட்டியில எழுபதுக்குக் கீழ போனா நேரா ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டு வந்துடறேன். மேல போச்சுன்னா இந்தப் பேச்சு இந்த வீட்ல இனிமே வேணாம்." நாகஜோதி என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைப் பார்த்தேன்.

அப்படியானால் இந்த ஒரு ஓட்டை யாருக்காக. வாயைத் திறக்காமல் படுத்திருந்தால் மனுஷன் நிமிர்ந்து வீட்டுக்குப் போவார், காலையில் எண்ணெய்த் துணியோடு உட்கார அவருக்கு ஒரு இடம் இருக்கும். அந்தத் துணியும் போய்விட்டால் அரை டம்ளர் டீதான், ஜன்னல்தான், காக்காதான். ஆனால் திரும்ப ஒரு நாள் மறந்தால். பீரோ சந்து. பாப்பா இப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும் பிடித்து இழுக்கிறாள், என் மீசையை இழுக்கிறாள், மேஜைத் துணியை இழுத்து மொத்தமாகக் கவிழ்க்கிறாள், ட்ரிகர் விரலளவு வளைவுதான், இழுக்கத் தோதாகத்தான் செய்து வைத்திருக்கிறான். வேண்டாம் அந்த நினைப்பு. அந்தச் சத்தத்தைக்கூட என் காது போட்டுப் பார்க்கிறது, மூடின அறைக்குள் எப்படி இருக்கும் என்று, சீ, என்ன காது இது. அப்படி ஒன்று நடந்தால் அந்தத் தோட்டாவைப் போட்டவன் நான்தான், இங்கே படுத்துக்கொண்டு வாயை மூடிப் போட்டவன். சரி, கையைத் தூக்கு. தூக்கினால் தவசி என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். பந்தியில் பார்த்த மாதிரி பார்ப்பார். அப்போது கேட்டதை நான் வெளியே சொல்லவில்லை என்று நன்றியாகப் பார்த்த மனுஷன். இன்னொன்றும் முள்ளாகக் குத்துகிறது. நான் தெரியாமல்தான் சுட்டேனா. கண்ணில் வியர்வை இறங்கியது, துடைத்தேன், முழங்கையை நகர்த்தி மறுபடி ஊன்றினேன், அப்போது பாயோடு உடம்பு ஒரு பக்கம் திரும்பியிருக்கும், கண்ணை வைத்ததும் கறுப்பு வட்டம் இருந்தது, சுட்டேன். அந்த வட்டத்துக்குக் கீழே நம்பர் இருந்திருக்குமே. இருந்தது. ஐந்து. இப்போது கண்ணை மூடினால் ஐந்து தெரிகிறது, வயிறு தள்ளின ஐந்து, பெயிண்ட் உரிந்த ஐந்து. சுடுவதற்கு முன்னால் பார்த்த ஐந்தா, தூரக்கண்ணாடியைத் திருப்பின பிறகு பார்த்த ஐந்தா. முன்னால் என்றால் விரல் ஏன் நிற்கவில்லை. எட்டு தோட்டாவுக்குக் கெஞ்சக் கெஞ்ச முரண்டு பிடித்த விரல் அதற்கு மட்டும் ஏன் அத்தனை சுகமாக இழுத்தது. தெரியவில்லை. எனக்கே தெரியாததைச் சேவியர் சாரிடம் எப்படிச் சொல்வது. பிரேக் ஃபெயிலான வண்டியைப் பிரித்துப் பார்த்தால் எங்கே போச்சு என்று காட்டிவிடலாம். இதைப் பிரிக்க முடியாது.

"இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு, மிச்சம் வச்சிருக்கவங்க முடிங்க" என்று பின்னால் சேவியர் சார் குரல். ஐந்தாம் பாயில் மூச்சு இழுக்கிற சத்தம், பாதி விட்டு நிறுத்துகிற சத்தம், ரொம்ப நேரம் ஒன்றுமில்லை, மறுபடி மூச்சு. விட்டுவிட்டுப் பிடிக்கிறார். வார் இறுகுகிற தோல் சத்தம். டப். பலகைதான், காய்ந்த சத்தம்தான். தூரக்கண்ணாடியில் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன், இடது ஓரமாக வெளி வட்டத்தில். போதும். என்னுடையது சேர்ந்தால் எழுபது வந்துவிட்டது. சேராவிட்டால் இல்லை. இனி எல்லாம் என் நாக்கில் இருக்கிறது, நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டியிருக்கிறது. எனக்கு ஒரு தோட்டா பாக்கி. முதலில் இதை முடிப்போம், அப்புறம் பார்ப்போம் என்று ஏற்றினேன், இந்தத் தடவை என் நம்பரை நாலு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன், இழுத்தேன், எங்கேயோ மூலைக்குப் போனது, அதுதான் நான். அப்புறம் என்று ஒன்று வந்துவிட்டது. பாப்பா கால் தெரிந்தது. கொலுசு போட்ட குட்டிக் கால், அதன் பக்கத்தில் உருண்டு வந்து நின்ற ஒன்று. மிக்சியின் வெறும் ஜார் சுற்றுகிற சத்தம். என் வலது கை பாயை விட்டு எழுந்தது, நான் எழுப்பினதாகவே தெரியவில்லை, அதுவும் இந்த விரல் மாதிரிதான், தானாக எழுந்தது.

"கைய எறக்குங்க சம்மந்தி."

தலையைத் திருப்பாமல், கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்தபடியேதான் சொன்னார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. கை காற்றில் அப்படியே நின்றது. "ஒங்க அட்டையில" என்று ஆரம்பித்தேன். "தெரியுது" என்றார். "அந்த மாதிரி ஒரு பத்து நான் சுட்டு ரெண்டு வருசமாச்சு. என்னுதுன்னு நம்ப எனக்கு மட்டும் ஆசை இல்லையா." கொஞ்சம் மூச்சு விட்டார். "மண்ணுல போனது எனக்குக் கேக்கலைன்னா நெனச்சீக. ஒங்களுக்குத்தான் காது இருக்கா." தெரிந்து சுட்டதாக நினைக்கிறாரோ, தெரியாமல் சுட்டதாக நினைக்கிறாரோ, கேட்கவும் பயமாக இருந்தது, கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டுமே.

விசில் அடித்தது. "எல்லாரும் போல்ட்ட உருவிப் பாயில வைங்க, நான் பாக்காம யாரும் எந்திரிக்கக் கூடாது." ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி வேலை. போல்ட்டை உருவிவிட்டால் துப்பாக்கி வெறும் குழாய்தான், அதை வைத்துப் பூனையைக்கூட மிரட்ட முடியாது. வரிசையாக உருவுகிற சத்தம் கேட்கிறது, கிளிக், சர்ர், கிளிக், சர்ர். நான் இடது கையாலேயே தடவி என்னுடையதை உருவி முன்னால் வைத்தேன். ஐந்தாம் பாயில் நேரமானது. வாரைக் கழற்றிவிட்டார், அதனால் ஆட்டம் திரும்ப வந்துவிட்டது, போல்ட் குழாயின் வாயில் பட்டுப் பட்டு கிணிகிணி கிணிகிணி என்கிறது. பந்தியில் கேட்ட அதே சத்தம். உதவலாமா என்று நினைத்தேன், நினைத்ததோடு சரி. உருவிவிட்டார். தன் பாயில் வைக்கவில்லை. கையை நீட்டி, இரண்டு பாய்க்கும் நடுவில் இருக்கிற மண்ணைத் தாண்டி, என் பாயில் வைத்தார்.

"நாகஜோதிட்ட குடுத்துருங்க. எங்கயாச்சும் வச்சுக்கிறட்டும். எங்கன்னு எனக்குச் சொல்ல வேணாம்னு சொல்லுங்க."

"துப்பாக்கி?"

"அது பாட்டுக்குப் பீரோ சந்துல நிக்கட்டும். வெறுங்கட்டை. காலைல எந்திரிச்சாத் தொடைக்க எனக்கும் ஒண்ணு வேணும்ல." அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். கன்னத்தில் கட்டையின் தடம் சிவப்பாக இருந்தது. "டீ மட்டும் முழு டம்ளரா ஊத்தச் சொல்லுங்க. சிந்துனா நான் தொடைச்சுக்கிறேன்."

பூட்ஸ் சத்தம் வந்து என் தலைமாட்டில் நின்றது. "நாலாம் நம்பர், விசிலுக்கு முந்தியே கை தூக்கினீங்க போல. என்ன விஷயம்?" அப்போதுதான் பார்க்கிறேன், என் வலது கை இன்னும் பாதி உயரத்தில், இறங்கவும் இல்லாமல் ஏறவும் இல்லாமல் நிற்கிறது. சம்மந்தி தன் பாயின் நெசவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எல்லா மூட்டும் ஒரே நேரத்தில் வலித்தது.

"எந்திரிக்க முடியல சார், வேறொண்ணுமில்ல. கொஞ்சம் தூக்கி விடுங்க."

"இதுக்குத்தான் முந்தியே தூக்கினீங்களா" என்று அவர் சிரித்துக்கொண்டு குனிந்தார். அவர் கையைப் பிடிக்கிறதற்குள் சம்மந்தியின் போல்ட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இன்னும் சூடாக இருந்தது. எழுந்து நின்றபோது பையிலிருந்த சாவிக்கொத்தில் பட்டு அது சத்தம் போட ஆரம்பித்தது, யாருக்கும் கேட்காமல் இருக்க மேலே கையை வைத்துப் பொத்திக்கொண்டேன்.